பில் வேண்டுமா, வேண்டாமா?

ஹைதராபாத்தில் இசைக்கருவி வாங்கப் போகிறவர்கள் பலரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் கடையை விட்டு வெளியே வந்ததில்லை. கருவியை வாசித்துப் பார்த்தாயிற்று, விலை பேசி முடித்தாயிற்று, ஸ்டாண்டும் பையும் சேர்த்துத் தருவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டாயிற்று. பணத்தை எடுக்கும் நேரத்தில் அவர் சற்றுக் குரலைத் தாழ்த்துவார்: “பில்லோட வேணுமா, பில் இல்லாம போதுமா?”

எலக்ட்ரானிக் கீபோர்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. வரியோடு 40,000 ரூபாய் விலையுள்ள கீபோர்டில் வரி மட்டும் ஏறக்குறைய 6,100 ரூபாய். அந்தப் பணம் நம் பையிலேயே தங்கும் என்றால் மனம் ஆடத்தான் செய்யும். கல்யாண மேடைகளில் வாசித்துக் குடும்பம் நடத்துகிற கலைஞருக்கு 6,000 ரூபாய் என்பது மகளின் ஒரு மாத டியூஷன் கட்டணத்துக்கும் மேல். “வேண்டாம்” என்று சொல்லிவிடுகிறார். அந்த ஒரு சொல்லில் அவர் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறார் என்பதை அப்போது யாரும் அவருக்குச் சொல்வதில்லை. ஆறு மாதம் கழித்து நடு ஸ்தாயியில் ஒரு விசை ஊமையாகும்போதுதான் அது தெரிய வருகிறது.

யாருடைய சந்தை இது

கோட்டியில் உள்ள குஜராத்தி கல்லி, மைக்செட்காரர்களின் சந்தை. ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், மிக்சர், வயர், ஜாக் என்று ஒலியோடு தொடர்புடைய எதற்கும் தெலங்கானா மாவட்டங்களிலிருந்து ஆட்கள் இங்கேதான் வருகிறார்கள். கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ் தேடுகிறவர்கள் செகந்தராபாத், ஹிமாயத்நகர் பக்கம் போகிறார்கள். 1865-ல் பம்பாயில் தொடங்கிய ஃபுர்டாடோஸ் போன்ற பழம்பெரும் நிறுவனத்தின் கிளையும் இந்த நகரத்தில் உண்டு. தந்தையும் மகனும் மட்டுமே நடத்துகிற சிறு கடைகளும் உண்டு.

வாங்குகிறவர்கள் பல ரகம். பராத் என்னும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாசிக்கும் பேண்ட் குழுக்கள், பங்க்‌ஷன் ஹால்களில் பாடும் ஆர்கெஸ்ட்ராக்கள், ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு தேடும் திருச்சபைகள், ஃபிலிம் நகரைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன ரெக்கார்டிங் அறைகள், மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் கிட்டார் கற்கும் ஐ.டி. இளைஞர்கள். நம்மவர்களும் இருக்கிறார்கள். நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரைத் தாங்கி 1806-ல் உருவான செகந்தராபாத் படைமுகாமோடு வந்து குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பத்மாராவ் நகரிலும் மாரேட்பள்ளியிலும் வாழ்கிறார்கள். அந்த வீடுகளில் பாட்டியின் வீணை ஒரு மூலையிலும் பேரனின் கீபோர்டு இன்னொரு மூலையிலும் இருக்கும். இத்தனை பேருக்கும் பொதுவான ஒன்று உண்டு. குளிர்சாதனப் பெட்டி வாங்குவதுபோல இவர்கள் இசைக்கருவியை வாங்குவதில்லை. கையும் காதும் பழகிய பிறகு அந்தக் கருவிக்குப் பதில் இன்னொன்று சரிவராது. அதனால்தான் பழுது இவர்களை வேறு எந்த நுகர்வோரையும்விட அதிகமாகப் பாதிக்கிறது.

கேட்டு விற்பவர்

நல்ல கடைக்காரரை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. அவர் விலைப்பட்டியலை நீட்டுவதற்கு முன் கேள்வி கேட்பார். குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கீபோர்டு வாங்க ஒரு தந்தை வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “குழந்தைக்கு எத்தனை வயது, யாரிடம் கற்கப்போகிறாள், கிரேடு பரீட்சை எழுதப்போகிறாளா?” இந்த மூன்றையும் கேட்காமல் சரியான கீபோர்டை யாராலும் எடுத்துத் தர முடியாது. டிரினிட்டி போன்ற பரீட்சைகளில் கீபோர்டு வாசிக்க முழு அளவிலான 61 விசைகளும், அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைகிற ‘டச் ரெஸ்பான்ஸ்’ வசதியும் தேவை. பியானோ கற்பதென்றால் 88 விசைகள். இது தெரியாமல் சின்ன விசைகள் கொண்ட 37 விசைக் கருவியை வாங்கிப்போகும் பெற்றோர் அடுத்த ஆண்டே இன்னொன்று வாங்க வேண்டியிருக்கும். அதைத் தெரிந்தே விற்கிற கடைகளும் இருக்கின்றன. அந்தக் குழந்தையின் இரண்டாவது கீபோர்டும் தங்கள் கடையிலேயே வாங்கப்படும் என்பது அவர்கள் கணக்கு.

வாசித்துப் பார்க்க விடுவது அடுத்த விஷயம். ‘அனுமதியின்றித் தொடாதீர்கள்’ என்ற அட்டை தொங்காத கடை குறைவு. விலை உயர்ந்த கருவியில் கீறல் விழுந்துவிடுமோ என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் வாசிக்காமல் வாங்கச் சொல்வது, போட்டுப் பார்க்காமல் செருப்பு வாங்கச் சொல்வதைவிட மோசம். ஒரே மாடல் கிட்டார் இரண்டை எடுத்து வாசித்தால் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்காது, மரம் அப்படி. கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்த ஃப்ரெட்டில் இரைகிறது என்பதெல்லாம் கையில் எடுத்தால்தான் தெரியும். மீட்டத் தெரியாத புதியவருக்குத் தானே வாசித்துக் காட்டி, கம்பி உயரத்தைச் சரிசெய்து கொடுத்தனுப்பும் பையன்கள் சில கடைகளில் இருக்கிறார்கள். மாலையில் எங்கேயோ ஒரு பேண்டில் வாசிக்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்குச் சம்பளம் குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு. ஒரு கடை தன் விற்பனையாளரை எப்படி நடத்துகிறதோ அப்படித்தான் அந்த விற்பனையாளர் நம்மை நடத்துவார் என்பதை நான் பல கடைகளில் பார்த்திருக்கிறேன்.

ஒலிபெருக்கி விற்கிறவர்களின் பொறுப்பு இதைவிடப் பெரியது. மத ஊர்வலங்களில் டிஜே ஒலியமைப்பையும் பட்டாசையும் ஹைதராபாத் நகரக் காவல்துறை 2024 அக்டோபரில் தடை செய்தது. நாடு முழுவதற்குமான 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. விநாயகர் சதுர்த்தியையும் போனாலு திருவிழாவையும் நம்பிக் கடன் வாங்கி ராட்சத பேஸ் பெட்டிகளை வாங்க வரும் மாவட்டத்து இளைஞரிடம், நகரத்து ஊர்வலங்களில் இதை இறக்க முடியாது என்று விற்கும் முன்பே சொல்வதுதான் சேவை. சொல்லாமல் விற்பது அவரை ஏமாற்றுவதற்குச் சமம்.

அலைச்சல்

பழுது ஏற்படுவதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. கீபோர்டில் விசைக்கு அடியிலிருக்கும் ரப்பர் காண்டாக்ட் தேயும், தூசி புகும். அடாப்டர் செருகும் துளை தளரும். டிஸ்ப்ளேயில் கோடு விழும். எந்த பிராண்டும் விதிவிலக்கில்லை. ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 போல இந்திய மேடைக் கலைஞர்கள் அள்ளிக்கொண்ட கருவிகள், வாரம் நான்கு நிகழ்ச்சி, ஆட்டோ டிக்கியில் பயணம், ஜெனரேட்டர் மின்சாரம் என்று ஜப்பானில் அதை வடிவமைத்தவர்கள் நினைத்துப் பார்த்திருக்க முடியாத வாழ்க்கையை இங்கே வாழ்கின்றன. கேள்வி பழுதைப் பற்றியதல்ல. பழுதான கருவியோடு படியேறி வருகிறவரை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதைப் பற்றியது.

எங்கள் வீட்டுக் கீபோர்டில் இரண்டு விசைகள் ஒலிக்காமல் போனபோது வாங்கிய கடைக்குத்தான் முதலில் போனோம். அந்தக் கடையின் பெயர் இங்கே வேண்டாம். விற்றவரே எங்களை அடையாளம் தெரியாதவர்போலப் பார்த்தார். “இதுக்கு நாங்க பொறுப்பில்லை, சர்வீஸ் சென்டருக்குப் போங்க” என்று ஒரு எண்ணை எழுதிக்கொடுத்தார். அந்த எண் பல நாள் எடுக்கப்படவில்லை. ஒருவழியாக ஆளைப் பிடித்தால், வாரன்டி அட்டையில் கடையின் முத்திரையும் தேதியும் இல்லை என்றார். முத்திரை போட வேண்டியது விற்கிற கடையின் வேலை. திரும்பக் கடைக்கு வந்தால், “உதிரிபாகம் டிஸ்ட்ரிபியூட்டர்கிட்டருந்து வரணும், எப்போ வரும்னு எங்களுக்கே தெரியாது” என்ற பதில். பில்லும் கையில் இருந்தது, பணம் செலுத்திய பதிவும் போனில் இருந்தது. இருவருமே பேச்சில் மரியாதை குறைக்கவில்லை. ஆனால் அந்தக் கருவி யாருடைய பொறுப்பு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பரீட்சைக்காக மகள் பக்கத்து வீட்டுக் கீபோர்டில் பயிற்சி செய்தாள்.

எங்களுக்கு அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். மேடைக் கலைஞருக்கு அது வருமானம். முகூர்த்த மாதத்தில் கருவி மூன்று வாரம் சர்வீஸில் கிடந்தால் அவர் இன்னொருவரிடம் நாள் வாடகைக்கு எடுத்து வாசிக்க வேண்டும். வெளிநாடுகளில் பல கடைகள் இப்படிப்பட்ட நேரத்தில் மாற்றுக் கருவி கொடுத்து உதவுகின்றன. இங்கே அப்படிச் செய்கிற ஓரிரு சிறு கடைக்காரர்களை இசைக்கலைஞர்கள் வாழ்நாள் முழுக்க மறப்பதில்லை. புதிதாகக் கற்க வருகிற எல்லாரையும் அந்தக் கடைக்கே அனுப்புகிறார்கள். எந்த விளம்பரத்தாலும் வாங்க முடியாத வியாபாரம் அது.

அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி

இந்த நகரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. டல்லாஸிலோ நியூஜெர்சியிலோ அண்ணனோ அக்காவோ இல்லாத வீடு ஹைதராபாத்தின் நடுத்தர வர்க்கத்தில் குறைவு. விடுமுறைக்கு வரும்போது அவர்கள் கிட்டாரும் கீபோர்டும் கொண்டுவருகிறார்கள். விலை குறைவு, தரம் நிச்சயம் என்ற நம்பிக்கை. முதல் ஆபத்து மின்சாரத்தில். அங்கே 120 வோல்ட், இங்கே 230. கூடவே வந்த அடாப்டர் இரண்டுக்கும் பொருந்துமா என்று அதன்மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் செருகினால், பெட்டி பிரித்த அன்றே கருவி கருகும். ஆம்ப்ளிஃபயரில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் அதற்கு அடாப்டரே கிடையாது, மின்மாற்றி உள்ளேயே இருக்கும்.

இரண்டாவது, பெரும்பாலான நிறுவனங்களின் வாரன்டி விற்ற நாட்டுக்கு மட்டுமே. அமெரிக்காவில் வாங்கிய கருவிக்கு இங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையம் பொறுப்பேற்காது. அதைக் குறை சொல்லவும் முடியாது. மூன்றாவது, பருவநிலை. மரக் கிட்டாரைச் செய்கிறவர்கள் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கிறார்கள். தக்காணத்து ஏப்ரல், மே மாத வறட்சியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது பலகை சுருங்குகிறது, ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் விரலில் குத்தத் தொடங்குகின்றன, சில நேரம் மேல்பலகையே விரிசல் விடுகிறது. கிட்டாரை விற்கும்போது ஒரு சிறு ஈரப்பதப் பையைச் சேர்த்துக் கொடுத்து, கோடையில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள் என்று சொல்கிற கடைக்காரர் அந்தக் கருவியின் ஆயுளைக் கூட்டுகிறார். அப்படிச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு.

வெளிநாட்டிலிருந்து நேர்வழியில் அல்லாமல் வந்து, கடைகளிலேயே விற்கப்படும் ‘கிரே’ சரக்கின் கதையும் இதேதான். விலையில் சில ஆயிரங்கள் குறைவு; பழுதானால் கேட்க நாதியில்லை. போலி இன்னும் கொடியது. 1966-ல் ஷ்யூர் நிறுவனம் அறிமுகப்படுத்திய எஸ்எம்58 மைக் உலகத்தில் அதிகம் போலி செய்யப்படுகிற ஒலிக்கருவிகளில் ஒன்று. அசல் ஏறக்குறைய 300 கிராம் இருக்கும். போலிகள் பெரும்பாலும் எடையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அடாப்டர் வாங்கும்போது அதில் இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆடியோ கருவிகளுக்கான அடாப்டர்களுக்கு அந்தப் பதிவு கட்டாயம்.

சட்டம் யார் பக்கம்

சட்டம் வாங்குகிறவர் பக்கம். அதுவும் நாம் நினைப்பதைவிட உறுதியாக. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்குப் பில் கொடுக்காமல் இருப்பதையே முறையற்ற வணிக நடவடிக்கை என்று வரையறுக்கிறது. அதாவது, பில் வேண்டுமா என்று கேட்பதற்கே கடைக்காரருக்கு உரிமை இல்லை. கொடுப்பது அவர் கடமை. அதே பிரிவின் அடுத்த வரி இன்னும் முக்கியமானது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் முறையற்ற நடவடிக்கை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று கல்லாவுக்குப் பின்னால் எழுதி மாட்டியிருக்கும் பலகை, குறையுள்ள கருவியைப் பொறுத்தவரை செல்லாது. அடுத்த முறை அந்தப் பலகையைக் கடைக்காரர் சுட்டிக்காட்டினால் தயங்காமல் இதைச் சொல்லுங்கள்.

இசைக்கலைஞர்களிடம் கடைக்காரர்கள் சொல்கிற இன்னொரு வாதம் இருக்கிறது. “நீங்க இதை வெச்சு சம்பாதிக்கிறீங்க, அதனால கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது.” பாதி உண்மையான வாதம் இது. வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவர் நுகர்வோர் அல்ல என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துகிறவருக்கு அது பொருந்தாது என்று விளக்கமும் சட்டத்திலேயே உண்டு. இந்த எல்லையை உச்ச நீதிமன்றம் தெளிவாக வரைந்தது 1995-ல், நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் தொடர்பான வழக்கில். லக்ஷ்மி இன்ஜினியரிங் என்ற நிறுவனம் அவர்களிடம் எந்திரம் வாங்கிவிட்டு நுகர்வோர் மன்றத்துக்குப் போனது. பெரிய அளவில் உற்பத்தி செய்யும் நிறுவனம் நுகர்வோர் ஆகாது என்று தீர்ப்பானது. அதே தீர்ப்பு, தட்டச்சுப் பொறி வாங்கித் தானே தட்டச்சு செய்து பிழைக்கிறவரும், கார் வாங்கித் தானே டாக்ஸி ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான் என்றும் விளக்கியது. தட்டச்சுப் பொறியின் இடத்தில் கீபோர்டை வைத்துப் பாருங்கள். கல்யாண மேடையில் தானே வாசித்துக் குடும்பம் காக்கிற கலைஞருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கிறது. பத்துப் பேரை வேலைக்கு வைத்து ஐந்து செட் வாடகைக்கு விடுகிறவருக்கு அது கடினம். தனியாளாக உழைக்கும் ஒவ்வொரு கலைஞரும் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஹைதராபாத் மாவட்ட ஆணையங்கள் நாம்பள்ளி எம்.ஜே. சாலையில் இயங்குகின்றன. 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய எந்தப் பொருளுக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம். விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். புதிய சட்டம் தந்த பெரிய வசதி, நாம் வசிக்கிற ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது. மும்பை ஆன்லைன் கடையில் வாங்கிய கிட்டாருக்காக மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத புகார்களை மூன்று மாதத்திலும், அனுப்ப வேண்டியவற்றை ஐந்து மாதத்திலும் முடிக்கச் சட்டம் சொல்கிறது; நடைமுறையில் அதைவிட நீளும் என்பதையும் மறைக்க வேண்டாம். அதனால் முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலும் பேசலாம். ஆன்லைனில் வாங்கியிருந்தால் 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும்.

இத்தனைக்கும் அடித்தளம் பில்தான். அதில் மாடல் பெயர் மட்டும் போதாது. கருவியின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். வாரன்டி அட்டையில் முத்திரையும் தேதியும் உங்கள் கண்முன்னே விழட்டும். பெட்டியைக் கடையிலேயே பிரித்து ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பாருங்கள். ஆன்லைன் பெட்டி என்றால் பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

வாக்கு மட்டுமே வாரன்டி

பில்லும் வாரன்டியும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடக்கிற இன்னொரு வணிகமும் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு 2013-ல் கிடைத்தது. ஆந்திரத்தின் பொப்பிலி வீணை ஒரே பலா மரத்தில் குடைந்து செய்யப்படுவது. இந்த வீணைகளை வாங்குகிறவருக்கு யாரும் அச்சடித்த அட்டை தருவதில்லை. ஆனால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் மேளம் கட்டித் தர அதே ஆசாரியின் வீட்டுக்குப் போகலாம். தந்தை இல்லையென்றால் மகன் செய்து தருவார். மிருதங்கமும் அப்படியே. வலந்தலை போனாலும் வார் இழுக்க வேண்டுமென்றாலும் செய்து கொடுத்த கைதான் அதைச் சரியாக்கும். செகந்தராபாத்தில் வசிக்கும் வித்வான்கள் சார்மினார் எக்ஸ்பிரஸில் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போய் மூட்டு மாற்றி வருவது இன்றும் நடக்கிறது.

அந்த உறவில் செய்தவருக்கும் வாசிப்பவருக்கும் நடுவே வேறு யாரும் இல்லை. கருவி கெட்டால் கெட்டது யாருடைய பெயர் என்பதில் சந்தேகமே கிடையாது. எலக்ட்ரானிக் கருவியிலும் இது சாத்தியம் என்பதற்குப் பெங்களூரின் ஜி. ராஜ் நாராயண் சான்று. புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான அவர் 1979-ல் எலக்ட்ரானிக் தம்புராவை உருவாக்கினார். அவருடைய ரேடல் நிறுவனத்தின் சுருதிப் பெட்டி இல்லாத கர்நாடக இசை வீடு அபூர்வம். வாசிக்கிறவருக்கு எது தொல்லை என்று வாசித்தே தெரிந்துகொண்டவர் செய்த கருவி அது.

கையால் செய்யும் நம் நாட்டு வாத்தியங்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது. கீபோர்டு, கிட்டார் போன்றவற்றுக்கு 2017 ஜூலையில் 28 சதவீதமாகத் தொடங்கி அந்த ஆண்டு நவம்பரிலேயே 18 ஆனது. வறிய வீட்டுப் பிள்ளை மேடையேற நம்பியிருக்கும் கருவிக்கு 18-ம் அதிகம் என்பதே என் கருத்து. வரி குறைந்தால் பில் இல்லாமல் விற்கும் ஆசையும் குறையும்.

கடைக்காரர் தரப்பு

கடைக்காரர்களின் குறையையும் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் கடையில் வாசித்துப் பார்க்கிறார், விற்பனையாளரிடம் எல்லாச் சந்தேகமும் கேட்கிறார், பிறகு வாசலில் நின்றே போனில் 500 ரூபாய் குறைவாக ஆர்டர் போடுகிறார். அந்த ஒரு மணி நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? உதிரிபாகம் கடைக்காரர் கையில் இல்லை. இறக்குமதியாளர் அனுப்பினால்தான் உண்டு. சரக்கு விற்க நெருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், பழுதுக்கு உதிரிபாகம் கேட்டால் மெத்தனமாக இருக்கிறார். இதில் உண்மை இருக்கிறது. வாங்குகிறவரும் நேர்மையாக இருக்க வேண்டும். ஒரு கடையின் நேரத்தையும் அறிவையும் பயன்படுத்திக்கொண்டவர் அங்கேயே வாங்குவதுதான் முறை.

ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1979-ல் தொடங்கிய ஸ்வீட்வாட்டர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு ஆலோசகரை ஒதுக்குகிறது. வாங்கிய பிறகும் அவர்தான் போனில் பேசுவார். ஜெர்மனியின் பவேரியாவில் ட்ரெப்பன்டோர்ஃப் என்ற கிராமத்தில் 1954-ல் பிறந்த தோமன், 30 நாளுக்குள் பிடிக்கவில்லையென்றால் பணத்தைத் திருப்பித் தருகிறது, மூன்று ஆண்டு வாரன்டி கொடுக்கிறது. கிராமத்துக் கடை இன்று ஐரோப்பா முழுவதற்கும் விற்கிறது. நம் சென்னையிலும் முன்னோடி உண்டு. 1842-ல் மிஸ்க்வித் கடையாகத் தொடங்கி மியூஸி மியூஸிகலாக அண்ணா சாலையில் இன்றும் நிற்கிற நிறுவனம், விற்பனையோடு இசைக் கல்வியையும் சேர்த்தே வளர்த்தது. கற்றுக்கொடுக்கிற கடைக்குத் தலைமுறை தாண்டியும் வாடிக்கையாளர் இருப்பார்கள். ஹைதராபாத் கடைகளுக்கு இன்னொரு வாய்ப்பும் வந்திருக்கிறது. யமஹா நிறுவனத்தின் இசைக்கருவித் தொழிற்சாலை 2019 முதல் சென்னைக்கு அருகே இயங்குகிறது. உதிரிபாகம் ஜப்பானிலிருந்து கப்பலில் வர வேண்டும் என்று காரணம் சொன்ன காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

மத்திய அரசிடம் ஒரு வேண்டுகோள். பொருளை வாங்கியவர் அதைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமைக்காக நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ஒரு இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன் மற்றும் எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. எந்த சர்வீஸ் மையம் எங்கே இருக்கிறது, வாரன்டியில் எது அடங்கும், உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்ற விவரங்களை நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். இசைக்கருவிக்கு அதில் தனி இடமில்லை. டிராக்டரைப் போலவே கீபோர்டும் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. அந்தப் பட்டியலில் ஐந்தாவதாக இசைக்கருவிகளையும் ஒலிக்கருவிகளையும் சேர்க்க வேண்டும். இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு இசைக்கருவி நிறுவனமும் ஹைதராபாத், சென்னை போன்ற நகரங்களில் உள்ள தன் சர்வீஸ் மையத்தின் முகவரியையும், உதிரிபாகம் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையும் அதில் பதிவு செய்யக் கட்டாயப்படுத்த வேண்டும்.